படியில்லாத வழி

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்திலிருந்து எங்கே போவதாக இருந்தாலும் படிதான். தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போகப் படி, கோயிலுக்கு ஏறப் படி, ரோட்டுக்கு இறங்கப் படி. படி முடிந்தால் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, அதுவும் மழையில் வழுக்கும். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப்போன எனக்கு அத்தனை பெரிய மலையில் போக்கிடம் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை, அந்தக் காம்பராவின் வாசல் ஒன்றுதான். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் "எவ்வளவு அழகான இடம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மாவுக்குத் தோட்டத்துப் பதிவில் பேர் இருந்தது, கொழுந்து பறித்தாள். நான் சின்னவளாக இருந்தவரை அவள்தான் என்னைச் சுமந்தாள். பகலெல்லாம் கூடை தொங்கிய முதுகில் சாயங்காலம் நான் தொங்குவேன். ஒன்பது வயதில் கனத்துப்போனேன். பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்று, மரவள்ளிக்கிழங்கைத் தின்று காலம் தள்ளிய எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஊரே மெலிந்துகொண்டிருந்தபோது நான் மட்டும் எப்படிக் கனத்தேனோ தெரியாது.

அப்பாவுக்கு ரயில் பாதையில் வேலை. றொசல்லப் பக்கம் தண்டவாளத்தைப் பராமரிக்கும் ஆட்களில் ஒருவர். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "கோச்சிப் பாதையில ஒரு படி கூட இல்லையே" என்றார், ஏதோ அன்றுதான் கவனித்தவர் மாதிரி. ரயிலை நாங்கள் கோச்சி என்போம். இன்ஜினால் படி ஏற முடியாது என்று வெள்ளைக்காரன் பாறையைக் குடைந்து, பள்ளத்துக்குப் பாலம் போட்டு, வளைத்து வளைத்து மெல்ல ஏறும் வழி அமைத்திருந்தான். ஓர் இன்ஜினுக்குக் கிடைத்த மரியாதை மனுஷப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லையே என்று இன்றைக்கும் எனக்குக் கோபம்தான்.

மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்காவது மண் சரிந்திருக்கிறதா என்று பார்க்க அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் ட்ரொலியில் போவார்கள். தண்டவாளத்தில் உருளும் நான்கு சக்கரம், மேலே ஒரு பலகை, அவ்வளவுதான் ட்ரொலி. ஏற்றத்தில் தள்ளுவார்கள், இறக்கத்தில் தாங்களும் ஏறிக்கொள்வார்கள், கோச்சி வந்தால் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். அதில் என்னை உட்கார வைத்துக் காட்டைக் காட்டிவருவதாக அப்பா சொன்னார். அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் இறங்கி வந்தாள்.

"புள்ள ஒரு தடவ பயந்துச்சுன்னாலும் அன்னிக்கோட சரிங்க. அதுக்குப் பொறவு வாசலத் தாண்டக் கூடாது, சொல்லிப்புட்டேன்."

முதல் நாளே பயந்துவிட்டேன். பாலத்தில் கட்டைகளின் இடைவெளியில் வெகு கீழே ஆறு ஓடியது. சுரங்கத்துக்குள் ஒன்றும் தெரியவில்லை, மேலேயிருந்து சொட்டும் தண்ணீர் கழுத்தில் விழுந்தது. பலகையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கூடக் கிடையாது. ஆனால் சுரங்கத்தைத் தாண்டினால் காடு. பாசி பிடித்த மரங்களும், பாறை இடுக்கெல்லாம் பெரணியும், கைக்கெட்டும் தூரத்தில் வழிந்த அருவியும். பீலித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைத் தொட்டறியாத நான் கையை நீட்டி அதைத் தொட்டேன். சத்தம் போட்டுச் சிரித்தேன் என்று அப்பா பிறகு சொன்னார்.

அதைப் பார்த்துவிட்டு வந்து வாசலே கதியென்று உட்கார முடியுமா? "பயந்தியா?" என்று அம்மா கேட்டபோது, இல்லவே இல்லை என்றேன். ஒவ்வொரு ஞாயிறும் கேட்பாள், ஒவ்வொரு ஞாயிறும் அதே பதில். சனிக்கிழமையே பயம் தொடங்கிவிடும், முகத்தில் காட்டமாட்டேன். ட்ரொலியில் உட்கார்ந்தால் உடம்பு உதறும், உள்ளங்கைகளைப் பலகையில் அழுத்தி உதறலை மறைப்பேன். காலுள்ளவர்கள் பயந்தால் ஓடலாம். நான் பயந்தால் என்னைத் தூக்கி வாசலில் வைத்துவிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடும் பனிமூட்டம். இரண்டு பக்கமும் பாறை சுவராக நின்ற ஓரிடத்தில் ட்ரொலியை நிறுத்தி, விழுந்து கிடந்த கற்களை அகற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் சிவப்புக் கொடியோடு கீழ் வளைவுக்குப் போயிருந்தார், ஏறி வரும் கோச்சி ஒன்று பாக்கி இருந்தது. மேலேயிருந்து அந்த நேரத்தில் எதுவும் இறங்காது என்று எல்லாருக்கும் நிச்சயம். அப்பாவும், நான் மாமா என்று கூப்பிடும் சிங்களவர் ஒருவரும் மட்டும் பக்கத்தில் இருந்தார்கள்.

என் கைகள் நடுங்கின. வழக்கமான நடுக்கம் என்றுதான் நினைத்தேன். பலகையை இன்னும் அழுத்திப் பிடித்தேன், நிற்கவில்லை. சனியனே, அடங்கு என்று மனசுக்குள் என்னையே திட்டினேன். அப்பா திரும்பிப் பார்த்தபோது சிரித்துக்கூட வைத்தேன். நடுங்கியது நானல்ல, தண்டவாளம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

"கோச்சிய!" என்று மாமா சிங்களத்தில் அலறினார்.

ஏறும் கோச்சி முக்கி முனகிக்கொண்டு வரும், வெகு தூரத்திலேயே காதில் விழும். இது வேறொரு கோச்சி மலையேறப் பின்னாலிருந்து தள்ளிக்கொடுத்துவிட்டுத் தனியாக இறங்கிய இன்ஜின். இறக்கத்தில் சத்தமில்லாமல் உருண்டு வந்துவிட்டது. அப்பா என்னை வாரித் தூக்கி, பாறையோரக் கானுக்குள் போட்டார். மழைத் தண்ணீர் ஓடும் கல் வாய்க்கால் அது. போட்டுவிட்டு மறுபடி தண்டவாளத்துக்கே ஓடினார். ட்ரொலியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

தண்ணீர் என் காதுவரை ஏறியது. எழுந்திருக்கவும் முடியாது, தவழ்ந்து விலகவும் இடமில்லை. தலைமாட்டில் இரும்பு இரைந்துகொண்டு போனது, பாறையும் தண்ணீரும் நானும் ஒன்றாக அதிர்ந்தோம். அந்த இரைச்சலுக்கு நடுவே அப்பாவின் குரலைத் தேடினேன். இன்ஜின் போன பிறகும் கேட்கவில்லை. நான் கத்தினேனா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை, வாயில் தண்ணீர் இருந்தது. அப்பா செத்துப்போய்விட்டார் என்றே முடிவு செய்தேன்.

அந்தப் பக்கத்துக் கானிலிருந்து முதலில் மாமா எழுந்தார், பிறகு அப்பா. ட்ரொலி அவர்கள் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. மாமா என்னைத் தூக்கித் தன் கோட்டால் சுற்றி, "பய வெண்ட எபா, துவே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார், பயப்படாதே மகளே என்று. அப்பா தண்டவாளத்தில் உட்கார்ந்து முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் வரவேயில்லை.

வீட்டில் அம்மா என் ஈரச் சட்டையைப் பிடித்துப் பார்த்தாள். "என்னங்க இது, புள்ள இப்புடி நனைஞ்சிருக்கு?"

அப்பா வாயைத் திறந்தார். சொல்லத்தான் போகிறார் என்று தெரிந்துவிட்டது.

"அருவியில வெளையாண்டேம்மா" என்றேன்.

"பயந்தியா?"

"இல்ல. அடுத்த ஞாயித்துக்கெழம இன்னும் தூரமாப் போவோம்னு அப்பா சொல்லியிருக்காரு."

அப்பா என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன் அவரிடம் நான் கண்டதில்லை. பிறகு முகம் கழுவப் போனார். அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை, நானும்தான்.

ஞாயிறு விடிந்தது. அப்பா என்னைத் தூக்க வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தால் என்ன செய்வேன் என்று அதைவிடப் பயந்தேன். வந்தார். வாசலில் முதுகைக் காட்டிக் குந்தினார். நான் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். படியில் இறங்கும்போது அவர் முதுகு விடாமல் நடுங்கியது, நெஞ்சு அடித்துக்கொள்வது என் நெஞ்சுக்குத் தெரிந்தது.

"குளுருதாப்பா?" என்றேன்.

"ஆமா புள்ள, குளுருதான். ஒனக்கு?"

"எனக்கும் குளுருதுப்பா."

கையை இன்னும் இறுக்கிக்கொண்டேன். அவர் அடுத்த படியில் காலை வைத்தார்.