நாத்தனார் அழுத்திய ரெண்டு

என் வூட்டுக்காரருக்குத் தொண்டையில் புற்றுநோய். இனிமேல் குணமாகாது, வலியில்லாமல் வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது இரண்டு சாமான் கொடுத்தார்கள். ஒன்று மணிக்கட்டில் கட்டுகிற பட்டை. நாடித்துடிப்பையும் தூக்கத்தையும் அது பாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். இன்னொன்று டேப்லெட். காலை பத்துக்கும் மத்தியானம் மூன்றுக்கும் மணியடிக்கும். வலி எவ்வளவு என்று சைபரிலிருந்து பத்துக்குள் ஒரு நம்பரைத் தொடவேண்டும். நர்ஸ் அங்கே உட்கார்ந்தபடியே அதைப் பார்ப்பார். டாக்டர் அதை வைத்துத்தான் மாத்திரையைக் கூட்டுவார். வூட்டுக்காரருக்குப் பேச்சு போய்விட்டது, வெறும் காத்துதான் வரும். அதனால் விரல் காட்டுவார், பக்கத்தில் இருக்கிறவர் அந்த நம்பரைத் தொடவேண்டும்.

எனக்கு செராமிக் கம்பெனியில் வேலை. சூளைக்குப் போகாத பச்சைக் கோப்பைகளின் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைத்துத் துடைத்து அடுக்க வேண்டும். எட்டரைக்குப் போனால் ஆறுக்குத்தான் திரும்புவேன். பகலுக்கு ஆள் வேண்டுமே என்று அவருடைய அக்கா கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்து தங்கினாங்க. தம்பி மேல் உசுரையே வைத்திருந்த மனுசி. அதை இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் கடித்திருப்பேன்.

சாயங்காலம் நான் வந்து பார்த்தால் அவர் சுருண்டு கிடப்பார். தலையணை உறையைப் பல்லால் கடித்த ஈரம் இருக்கும். நர்சுக்குப் போன் போட்டேன். "பகல்ல ரெண்டுதானே வருதுக்கா, சாயந்திரம் ஆனா சில பேருக்குப் பயம் வரும், பக்கத்துல உக்காருங்க" என்றது அந்தப் பொண்ணு. உட்கார்ந்தேன். நாலு நாள், அஞ்சு நாள். எனக்கும் உடம்பு அசதி. ஒருநாள் வாயில் வரக்கூடாதது வந்துவிட்டது. "பகலெல்லாம் ரெண்டுன்னு காட்டிட்டு, என்னைக் கண்டா மட்டும் ஏன் இப்படிப் பண்றீங்க?" என்றேன். அவர் இரண்டு கையையும் தூக்கி எட்டு விரல் காட்டினார். இப்போது எட்டு என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். காலையிலிருந்தே எட்டு என்று சொல்ல அவரிடம் வாய் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கம்பெனியில் என் பக்கத்தில் உட்காரும் பொம்பளை ஒன்று சொல்லும், "பச்சையில மறைச்ச கீறலு சூளையில வாயத் தொறக்கும்" என்று. தொறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நர்ஸ் வீடியோவில் வந்தது. பட்டையைப் பார்த்தால் மனுசன் பகலில் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் தூங்கவில்லை, துடிப்பு ஓடுது, நம்பர் மட்டும் பன்னிரண்டு நாளாக மாறாமல் ரெண்டு, யார் அழுத்தறாங்க என்று கேட்டது.

நாத்தனார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாங்க. உருவின காம்பையே மறுபடி உருவினாங்க.

நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாய் வந்தது. தினம் அவர் எட்டு காட்டியிருக்கிறார், ஒன்பது காட்டியிருக்கிறார். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு இந்த அம்மா ரெண்டைத் தொட்டிருக்கிறாங்க. கெட்டதை வாயாலும் சொல்லக்கூடாது, கையாலும் எழுதக்கூடாதாம். எழுதினால் அதுவே பலித்துவிடுமாம். எங்கள் பக்கத்தில் அரிசிப் பானை காலியானால் நிறைந்திருக்கு என்போம். விளக்கை அணை என்று சொல்லமாட்டோம், மலையேற்று என்போம். நானும் அப்படித்தான். ஆனால் அது பானைக்கு, விளக்குக்கு. தலைவலியும் வயித்துவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும்? "எட்டுன்னா மருந்த ஏத்துவாங்க, ஏத்துனா தம்பி கண்ணு முழிக்க மாட்டான்" என்று வேறு ஒரு காரணம்.

டாக்டர் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே லைனுக்கு வந்து மாத்திரையைக் கூட்டினார். இனிமேல் நம்பர் சொல்கிற வேலையை வேறு ஆளுக்கு மாற்றிவிடவா என்று நர்ஸ் கேட்டது. சத்தம் கேட்டு வந்து நின்ற பக்கத்து வீட்டுக்காரி, நான் செய்கிறேன் என்றாள். நான் நர்சிடம் சொன்னேன்:

"வேணாம்மா. இவங்களே செய்யட்டும். நாலு வேளைக்கு மணி வை. வீடியோவில உன் முன்னாடி அவர்கிட்ட கேட்டு, வாயைத் தொறந்து சொல்லட்டும்."

மறுநாள் லீவு போட்டு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மணியடித்தது. அவர் எட்டு விரல் காட்டினார். கூட்டின மாத்திரை இன்னும் பிடிக்கவில்லை. நாத்தனார் டேப்லெட்டை என் பக்கம் தள்ளினாங்க. என்னைப் பார்த்து, "இந்தாம்மா, நீயே சொல்லிடு" என்றாங்க.

"விரலு எண்ணத் தெரியாதா அண்ணி? பன்னெண்டு நாளு எண்ணுனீங்களே."

"எட்டு" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாங்க. எனக்கு அது வெல்லமாய் இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் எண்ணிக்கை நாலாச்சு. பிறகு உண்மையாகவே ரெண்டாச்சு. கஞ்சி இறங்கியது, தூங்கினார். அதற்குமேல் விட்டிருக்கலாம். விடவில்லை. பார்க்க வருகிற சொந்தக்காரர் முன்னாலெல்லாம், "நல்லாக் கேட்டுட்டு அழுத்துங்க அண்ணி, பழைய ஞாபகத்துல இருந்துடப்போறீங்க" என்பேன். ரேஷன் கடை வரிசையில் சொன்னேன். பஸ்ஸில் சொன்னேன். அடுத்த தெருக்காரர்கள்கூட நாத்தனாரைப் பார்த்தால் விரலை மடக்கி மடக்கி எண்ணிக் காட்டிச் சிரிக்கிற அளவுக்குச் சொன்னேன். அந்த அம்மா ஒருநாளும் ஊருக்குக் கிளம்பவில்லை. நாலு வேளையும் கேட்டாங்க, நாலு வேளையும் சொன்னாங்க.

கடைசி வாரத்தில், நான் லீவு போட்டிருந்த ஒரு மத்தியானம், நாத்தனார் குளிக்கப் போன நேரம், அவர் கையசைத்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். வாய்கிட்டே காதை வைத்தேன். அந்தக் காத்திலேயே ஒவ்வொரு சொல்லாய் வந்தது.

"அக்காகிட்ட சொல்லு. எனக்குக் கோவம் இல்ல. நல்லதுக்குத்தான் பண்ணுச்சு."

"சொல்றேன்" என்றேன்.

ரெண்டு நாள் கழித்து, வலியில்லாமல், தூக்கத்திலேயே போனார். வருசம் ஒன்று ஆகப்போகிறது. அமாவாசைக்கு அமாவாசை நாத்தனார் பஸ் ஏறி வந்து படையல் போட்டுவிட்டுப் போறாங்க. ஒவ்வொரு தரமும் இலையில் உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்பாங்க, தம்பி என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா என்று.

"சாப்புடுங்க அண்ணி, குழம்பு ஆறுது" என்று சொல்லி இன்னொரு கரண்டி ஊத்துவேன்.