ஆடி மாதம் எங்கள் வாசலில் நின்றவள்

1943ஆம் ஆண்டு ஆடி மாதம் என் வீட்டுக்காரரைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போக ஆள் வந்தது. அப்போது என் மகளுக்கு நாலு மாதம்கூட நிறையவில்லை.

அன்றைக்கு நடந்ததை நம் மாரியம்மன் கோயிலில் வாயால் பலமுறை சொல்லியிருக்கிறேன். "எழுதிக் குடுங்கக்கா, வராதவங்களும் படிக்கட்டும்" என்று கோயில் பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. சாமான் கட்டி வந்த காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துத் தமிழ் கற்றுக்கொண்டவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

அப்போது நாங்கள் மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு அத்தாப்பு ஓலைக் கூரை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் முனியாண்டி அதற்கு முன் புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் வந்ததும் தோட்டத்து வேலை நின்றுபோயிற்று. டவுனுக்கு வந்து, வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டோம். அதுதான் சாப்பாடு. அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து, "இன்னைக்கு என்ன சோறு?" என்பார். "மரவள்ளி" என்பேன். "கறி?" "அதுவும் மரவள்ளிதான்." "சரி, ரெண்டையும் நல்லாப் பெசஞ்சு வையி" என்பார். அந்தக் காலத்தில் சிரிப்புக்கு மட்டும் பங்கீட்டு அட்டை கிடையாது.

அந்த வீட்டில்தான் என் மகள் சித்திரையில் பிறந்தாள். என்னைப் பெற்றவளும் அவரைப் பெற்றவளும் கடலுக்கு அந்தப் பக்கம். கப்பல் நின்றுவிட்டது. பிள்ளை பெற்றவளுக்கு ஒத்தாசை என்று ஓர் ஆள் இல்லை. எனக்கோ பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டக் கை நடுங்கும். வழுக்கி விழுந்துவிட்டால்? கடைசியில் அவரே மணையைப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு, அதன்மேல் பிள்ளையைக் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு, மூக்கைப் பிடித்து, கால் கையை இழுத்துவிட்டு, வாயில் வந்த பாட்டைப் பாடிக்கொண்டே தண்ணீர் ஊற்றுவார். ஊர் சிரித்தது. அவர் கவலைப்படவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் மீனாச்சி பீபி. மலாக்காச் செட்டிக் குடும்பம்; வயதில் மூத்தவளை அவர்கள் பீபி என்பார்கள். கும்பிடுவது நம் அம்மனைத்தான்; கட்டுவது மலாய்க்காரர் உடுத்தும் சாரோங் கெபாயா, பேசுவது மலாய். அவர் மலாயில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"முனியாண்டி! குளிக்கிறது பிள்ளையா நீயா? தண்ணியெல்லாம் உன் மேலதான் இருக்கு!"

"ரெண்டு பேருக்கும் ஒரே செலவு பீபி. சவுக்காரமும் கெடைக்கலல்ல?"

இப்படித்தான் பொழுது போனது. ஆனால் ஊரெல்லாம் லாரி வந்து ஆம்பிளைகளை ஏற்றிக்கொண்டு போனது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம், மூன்று மாத வேலையாம். போனவன் ஒருவன்கூடத் திரும்பி வந்து நாங்கள் பார்க்கவில்லை. பக்கத்துச் சந்தில் இருந்த சின்னையா, வெற்றிலை வாங்கப் போனவர் போனவர்தான். அவர் பெண்சாதி வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பால் வற்றிப்போய்ப் பிள்ளை வீறிட்டது.

வேலை இல்லாத ஆம்பிளையைத்தான் முதலில் பிடிப்பார்கள். லாரிச் சத்தம் கேட்டால் என் வீட்டுக்காரர் மரவள்ளிக் கொல்லைக்குள் போய்ப் படுத்துவிடுவார். எத்தனை நாள்தான் ஒளிய முடியும்?

ஆடி முதல் வெள்ளி கோயிலுக்குப் போனேன். கையில் பூ இல்லை, சூடம் இல்லை. பிள்ளையைத்தான் சந்நிதியில் கிடத்தினேன். எனக்கு அழகாகக் கும்பிடத் தெரியாது. உள்ளதைச் சொன்னேன்.

"ஆத்தா, எம் புருசன் போயிட்டா இந்தப் புள்ளைய யாரு குளிப்பாட்டுவா? நீ வருவியா? வருவன்னா அவரக் கூட்டிக்கிட்டுப் போகட்டும். வரமாட்டன்னா அவர எங்கிட்டயே விட்டுடு. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

பின்னால் நின்ற மீனாச்சி பீபிக்குத் தமிழ் பாதிதான் புரியும். அந்தப் பாதியே போதுமாயிருந்தது. "அலாமாக்! சாமிய இப்பிடியா மெரட்டுறது?" என்று என் தோளில் ஒன்று வைத்தார். "மெரட்டல பீபி, கேக்குறேன்" என்றேன். அவர் அருகே வந்து, எனக்குக் கேட்காத குரலில் தானும் எதையோ கேட்டார். பூசாரி ஒரு கொத்து வேப்பிலை கொடுத்தார். ஆடி மாதம் அல்லவா, கொண்டு வந்து வாசல் நிலையில் செருகினேன்.

அந்த வாரம் வெயில் கொளுத்தியது. பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. கழுத்து, வயிறு, தொடை எங்கும் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்துவிட்டது. ராத்திரியெல்லாம் சிணுங்கல். பவுடருக்கு எங்கே போக? வேப்பிலை போட்ட தண்ணீரில் குளிப்பாட்டி, மஞ்சளும் வேப்பங்கொழுந்தும் அரைத்துத் தடவச் சொன்னார் பீபி. துணி பட்டால் உறுத்துகிறது என்று தம் கொல்லையிலிருந்து வாழை இலையும் அறுத்துக் கொடுத்தார். பிள்ளையை அதில் போட்டால் குளுகுளுவென்று படுத்துக்கொண்டது.

அன்று காலையும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் குளிப்பாட்டி முடித்து, கூடத்தில் இலையை விரித்துக் கிடத்தி, மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். பிள்ளை ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பில் லாரிச் சத்தம் எங்கள் காதில் விழவே இல்லை. வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தால், காக்கிச் சட்டையும் தொப்பியுமாக ஒரு தமிழர். தோட்டங்களில் கங்காணியாக இருந்து, இப்போது ஜப்பான்காரனுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். பின்னால் துப்பாக்கியோடு ஒரு ஜப்பான் சிப்பாய்.

கங்காணி செருப்புக் காலோடு ஒரு எட்டு உள்ளே வைத்தார்.

"முனியாண்டி நீதானே? எழுந்திரு. ரெண்டு துணி எடுத்துக்க. மூணு மாசம், நல்ல சம்பளம்."

என் வீட்டுக்காரரின் கை பிள்ளையின் மார்பில் அப்படியே நின்றுவிட்டது. "ஆத்தா" என்று உள்ளுக்குள் கூப்பிட்டேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

கங்காணியின் கண் எங்களைத் தாண்டிப் போனது. வாசல் நிலையில் வேப்பிலையைப் பார்த்தார். தண்ணீர்ப் பானையில் மிதந்த வேப்பிலையைப் பார்த்தார். வாழை இலையைப் பார்த்தார். அதன்மேல் மஞ்சள் பூசி, உடம்பெல்லாம் சிவப்புப் பொரிந்து கிடந்த பிள்ளையைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தார். செருப்பை உதறினார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிவிட்டார்.

"தாயே! நீ எறங்கியிருக்கிற வீடுன்னு தெரியாம மிதிச்சுட்டேன். மன்னிச்சுடு தாயே!"

சிப்பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தான். கங்காணி பிள்ளையைக் காட்டி, "சாக்கிட்! சாக்கிட்!" என்று மலாயில் நோயைச் சொல்லித் தன் முகமெல்லாம் விரலால் புள்ளி வைத்துக் காட்டினார். என் மகள் அந்த நேரம் பார்த்து இரண்டு காலையும் தூக்கி வயிற்றை நன்றாகக் காட்டினாள். "கொரா!" என்று ஜப்பான் பாஷையில் ஒரு கத்தல். சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்குத் தாவிவிட்டான். பிறகு நோய் வீடு என்று கதவில் சுண்ணாம்புக் கட்டியால் பெரிய குறியாகக் கிழித்தான்.

"தங்கச்சி, வெளிய வராதீங்க. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் ஆரும் வாசலத் தாண்டக்கூடாது" என்று தூரத்தில் நின்று சொன்னார் கங்காணி. லாரி போய்விட்டது.

என் வீட்டுக்காரருக்குத்தான் முதலில் உறைத்தது.

"ஏ புள்ள, நம்ம புள்ளைக்கு அம்மை போட்டிருக்குன்னு நெனச்சுட்டாங்க!"

துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். சிரித்துச் சிரித்து நான் அழுதேன். அப்புறம் இருவரும் அந்த வேப்பிலைக்குக் கீழே விழுந்து கும்பிட்டு, ஆடிக்குக் கூழ் ஊற்றுவதாக நேர்ந்துகொண்டோம். வேப்பிலை ஆடிக்குச் செருகியது. மஞ்சளும் இலையும் பீபி சொன்னது. வேர்க்குரு வெயிலில் வந்தது. எல்லாம் சாதாரணச் சங்கதிதான். அதையெல்லாம் அந்த ஒரு காலையில் ஒன்றுசேர்த்து வைத்தவள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதில் இன்னொரு கூத்து. குறியைப் பார்த்து மீனாச்சி பீபியே நம்பிவிட்டார்! வேலியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன். உற்றுப் பார்த்தார். "இது நான் சொன்ன மஞ்சள்தானே?" என்றவர், சிரித்து வேலியோடு சாய்ந்துவிட்டார். அதற்குப் பிறகு தெருவில் யாராவது போனால் போதும், "பாவம், சின்னப் பிள்ளை!" என்று மலாயில் உரக்கப் புலம்புவார். போனதும் வேலி வழியாக மரவள்ளிப் பலகாரம் நீட்டுவார். "எம் புலம்பல் எப்பிடி?" "கொஞ்சம் கொறச்சுக்குங்க பீபி, புள்ள பயப்படுது." அந்த நாட்களில் வெளியே போக வழியில்லாமல் என் வீட்டுக்காரர் முழு நேரமும் பிள்ளையோடே கிடந்தார். அவர் கண்ணெதிரேதான் அவள் முதன்முதலாகக் குப்புற விழுந்தாள். பயம் போனதும் எனக்குப் பாலும் ஊறியது. வேர்க்குரு இருந்த இடம் தெரியவில்லை.

ஆவணியில் ஒரு நாள் கங்காணி மறுபடி வந்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் தனியாக, வேட்டி கட்டி, வெறுங்காலோடு வந்திருந்தார். கையில் தேங்காயும் பூவும்.

"தங்கச்சி, செருப்புக் காலோட மிதிச்சதுலேருந்து எனக்குத் தூக்கமில்ல. எம் மூத்த புள்ளைய ஆத்தா எடுத்துக்கிட்டா. தோட்டத்துல, இதே மாதிரி எலையில போட்டிருந்தோம். புள்ள... இருக்குதா?"

நான் உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். கொழுகொழுவென்று, எச்சில் ஒழுகச் சிரித்தாள். அவர் அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு தழும்புகூட இல்லையே தாயே!" என்று அங்கேயே விழுந்து கும்பிட்டார்.

என்ன செய்வது? வாயை மூடிக்கொண்டால் என் வீட்டுக்காரர் பிழைத்தார். சொன்னால் நாளைக்கே லாரி வரும். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஆனால் கங்காணி ஆத்தாளைக் கும்பிட்டபடி கிடக்கிறார். அவள் காப்பாற்றிக் கொடுத்த வீட்டில் நின்றுகொண்டு அவள் பேரில் ஒருவரை எப்படி ஏமாற்றுவேன்?

"அண்ணே, எழுந்திரிங்க. அது அம்மை இல்ல. வெறும் வேர்க்குரு. நாங்க சொல்லல, நீங்களா நெனச்சுட்டீங்க. பயத்துல நாங்களும் வாயத் தொறக்கல."

வாசல் நிலையில் வேப்பிலை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. கங்காணி அதையே பார்த்தார்.

"எத்தனை அம்மை பாத்த கண்ணு தங்கச்சி இது. வேர்க்குரு எது, அம்மை எதுன்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கு மட்டும் எப்பிடித் தெரியாமப் போச்சு?" என்றார். பிறகு மெதுவாக, "நான் பாத்தது அவளத்தான். நீ இல்லன்னு சொன்னாலும் நான் பாத்தேன்."

"சாட்சிக்கு உங்க செருப்புத்தான் இருக்கு, அண்ணே. ஒத்தச் செருப்ப இங்கேயே விட்டுட்டு ஓடிட்டீங்க" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு எந்த நேரத்தில் என்ன பேசுவதென்றே தெரியாது. கங்காணி திகைத்துப் பார்த்தார். பிறகு அடக்கமாட்டாமல் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

போகும்போது சொன்னார்: "இந்த வேலைய இன்னையோட விட்டுட்டேன் தங்கச்சி. ஒடம்புக்கு முடியலன்னு சொல்லிப் படுத்துக்கப் போறேன். என்ன ஆகுதோ ஆகட்டும்." சொன்னபடி செய்தார். அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வீட்டுக்கும் அப்புறம் யாரும் வரவில்லை.

சின்னையாவின் பெண்சாதியும்தான் கும்பிட்டாள். அவள் புருஷன் வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. என் பிரார்த்தனை பெரிது, அவளுடையது சிறிது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அவள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள், கடைசிவரை. என் மகளுக்கு அவள் பெரியம்மா.

ஜப்பான்காரன் போனான். ஆடிக்கு நாங்கள் நேர்ந்துகொண்ட கூழ் ஊற்றினோம், அரிசி கிடைத்த வருஷம் அரிசியில். எனக்குக் கை நடுக்கமும் போய்விட்டது. ஒத்தாசைக்கு ஆளில்லாத வீட்டில் பிள்ளை பிறந்தால் நானே போய் நின்றேன். தமிழர் வீடு, செட்டி வீடு, சீனர் வீடு என்று பார்த்ததில்லை. காஜா பெராங்கில் இன்று மீசை முறுக்கித் திரிகிற எத்தனையோ பேர் என் காலில் குப்புறக் கிடந்தவர்கள்தான்.

ஆகவே என் உறவுகளே, கும்பிடத் தெரியவில்லையே என்று தள்ளி நிற்காதீர்கள். சொல் அழகாக இல்லாவிட்டால் போகிறது. அடுப்படியில் அழுவதை அவளிடம் போய் அழுங்கள், சண்டை போட வேண்டுமென்றால் அவளோடு போடுங்கள். தாயிடம் கேட்பதற்கு என்ன வெட்கம்? அதோடு, உங்கள் வீட்டில் பச்சைப் பிள்ளை இருந்து, குளிப்பாட்ட ஆளில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். வெந்நீர் மட்டும் போட்டு வையுங்கள். நான் வந்துகொண்டே இருக்கிறேன்.