எங்க விளையில கொண்டக்கடல

சுண்டல் விக்கப் போனா சட்டி சூடா இருக்கணும், வாயி அடங்கி இருக்கணும். எனக்கு மொதலாவது மட்டுந்தான் வாய்ச்சுது.

வாயக் குடுத்து மாட்டிக்கிட்டவிய நீங்களும் இருப்பிய, உங்களுக்குத்தான் இதச் சொல்லுதேன். நம்ம பக்கம் தமிழ்நாட்டோட சேராத காலம். எனக்குக் கலியாணம் ஆன புதுசு. குழித்துறைச் சந்தையில ஒரு மூலையில சட்டிய வச்சிட்டு இருப்பேன்.

பறிச்ச கடல

ஒரு நாளு புதுசா ஒருத்தரு வந்து, "இது எந்த ஊருக் கடல?"ன்னு கேட்டாரு. நான் யோசிக்காம, "எங்க விளையில பறிச்சது அண்ணாச்சி, நேத்துதான்"ன்னு அடிச்சி விட்டேன். வீட்டுக்குப் பின்னால உள்ள தோட்டத்தத்தான் நாங்க விளைன்னு சொல்லுவோம். அதுல இருந்தது ரெண்டு தெங்கு, மாமியாரு வருசா வருசம் போடுத பெரும்பயறு, பொறவு ஒரு ஆடு. அந்த ஆடு ஒருக்கா கலியாணப் பந்தலுக்குள்ள ஏறி... அது வேற கத, விடுங்க.

அவரு ஒரு வாயி தின்னுட்டுச் சொன்னாரு: "ஏ பிள்ளே, திருநெல்வேலியில இருந்து நான் வண்டியடிச்சிக் கொண்டாந்த மூடைய, நீ உன் விளையில பறிச்சியாக்கும்?"

பந்தயம்

சந்தையே சிரிச்சுது. எனக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துட்டு. வீட்டுக்கு வந்ததும், "இந்த வருசம் பயறு வேண்டாம் மாமி, நான் கடல போட்டுக் காட்டுதேன்"ன்னேன். மாமியாருக்கு நான் சந்தைக்குப் போறதே பிடிக்காது. கூட வயலுக்கு வந்து களபறிக்க ஒரு ஆளு வேணும்னு இருந்தாவ. சட்டுனு ஒத்துக்கிட்டாவ: வெளைஞ்சா சந்த, வெளையலேன்னா சட்டியக் கமத்திட்டு வயலு. எனக்குச் சந்தய விட்டா உசுரே கெடையாது. அங்கதான நாலு பேருகிட்ட வாயாடலாம், நெல்லுகிட்டயா பேச முடியும்?

மழ விட்ட மார்கழியில வெதச்சேன். மொளச்சுது. நான் பொறந்தது நாஞ்சில்நாட்டு நெல்வயலுப் பக்கம், பயிருன்னா வெள்ளம், அதான் தண்ணி, கட்டணும்னுதான தெரியும்? காலம்பற ஒருக்கா, அந்திக்கு ஒருக்கா கோரிக் கோரி ஊத்துனேன். சந்தையில என் பக்கத்துல பழம் விக்கித ராசம்மக்கா ஒரு நாளு வீட்டுக்கு வந்தவ, விளைய எட்டிப் பாத்துட்டுக் கேட்டா: "ஏட்டி, நீ கடல போட்டியா, தவளைக்குக் குளம் வெட்டுனியா?"

புளிப்பு

கொஞ்ச நாளு கழிச்சி எலயத் தொட்டா கையில பிசுபிசுன்னு ஒட்டிச்சு. விரல நக்கிப் பாத்தா ஒரே புளிப்பு. நோவுதான்னு முடிவு கட்டிட்டேன். முட்டத்துல வாக்கப்பட்ட என் நாத்தனா, பிள்ளைக்குச் சொறி வந்தப்ப வேப்பல போட்ட வெள்ளத்துல குளிப்பாட்டுனா. சொறி போச்சு, பய அதுக்குப் பொறவு கடல்தண்ணியக் கண்டாலே ஓடுவான், அதும் மீன் பிடிக்குத ஊருல! அதே வைத்தியத்தச் செடிக்குப் பாத்தேன். எல எலயாத் தொடச்சிக் கழுவுனேன். பொறவு பூச்சி வந்து மேஞ்சுது பாருங்க, ஆடு தோத்துப்போவும்.

தெனமும் சுண்டல் வாங்குத பள்ளிக்கூட வாத்தியாருகிட்ட ஒப்பாரி வச்சேன். "அந்தப் புளிப்புதான அதுக்குக் காவலு, அதப் போயி கழுவுனியா?"ன்னு தலையில கைய வச்சாரு. துருக்கிப் பக்கத்து மலங்காட்டுச் செடியாம் அது. மழ முடிஞ்ச ஈரமே அதுக்குப் போதுமாம். காட்டுல இருந்தப்ப நெத்து பழுத்தா வெடிச்சி, மணியெல்லாம் செதறிப் போயிருமாம். வெடிக்காம நின்ன செடியில உள்ள மணிய எடுத்து எடுத்து வெதச்சி, தலமொற தலமொறையா அத வீட்டுப் பயிரா ஆக்குனாவளாம். நான் விடுவனா? "அப்ப நாமளும் ஊத்தி ஊத்திப் பழக்குனா, நெல்லு மாரி வெள்ளத்துல நிக்காதா சார்?"ன்னு கேட்டேன்.

அவரு சுண்டல் தின்ன எலய மடக்கிப் போட்டுட்டுச் சொன்னாரு: "நிக்கும்மா. அதுக்கு மொதல்ல உன் கையில ஒரு செடியாவது சாவாம இருக்கணும்."

தீர்ப்பு

செத்துதான் போச்சு. ஓரத்து மேட்டுல, நான் ஊத்துன வெள்ளம் ஏறாத எடத்துல மட்டும் நாலஞ்சு செடி காச்சி நின்னுது. நெத்துக்கு ஒரு மணி, மிஞ்சுனா ரெண்டு. மொத்தமும் ஒரு கைப்பிடி. அத அவிச்சி, தேங்கா திருவிப் போட்டு மாமியாரு முன்னால வச்சேன். சந்தச் சட்டியக் கழுவிக் கமத்தியாச்சு. எனக்குக் கண்ணு நெறஞ்சிட்டு.

மாமியாரு ஒண்ணொண்ணா மென்னாவ. விளையப் பாத்தாவ, வயலுக்குப் போற வழியப் பாத்தாவ, கடசியில என்னப் பாத்தாவ. பொறவு சொன்னாவ: "சட்டிய எடுத்துட்டுச் சந்தைக்கே போ பிள்ளே. வயல்ல விட்டா நீ நம்ம நெல்லுக்கும் எண்ண தேச்சிக் குளிப்பாட்டிருவ."

வேற எந்த வேலைக்கும் லாயக்கில்லங்குத ஒரே தகுதியில, நான் கடசி வரைக்கும் சுண்டல்காரியாவே நெலச்சி நின்னேன், கேட்டியளா.