டோக்கன் அக்காவுக்குக் கிடைத்த ஆய்வு நிதி

தெருவில் எல்லோரும் அவளை டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு சிறிய கிளினிக்கின் முன்மேசையில் பல வருடங்களாக உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு எண் போட்ட அட்டையைக் கொடுத்து, "உக்காருங்க, கூப்பிடுறேன்" என்று சொல்வது அவள் வேலை. அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றே அழைத்தார்கள். அவளும் அதைத் திருத்தப் போகவில்லை.

டாக்டருக்காகக் காத்திருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. பல்வலிக்காரர்கூடக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். ஒரு தேர்தல் நேரத்தில் அவள் ஒன்றைக் கவனித்தாள். காய்ச்சலோடு வந்த தையல்காரர் ஒரு வேட்பாளரைப் பற்றி, "அவரு நம்மள மறக்க மாட்டாரு" என்றார். மாத்திரைச் சீட்டு வாங்க வந்த பள்ளி ஆசிரியையும் அதையே சொன்னார். கையில் கட்டுப் பிரிக்க வந்த கொத்தனாரும் ஓர் எழுத்து மாறாமல் அதையே சொன்னார். மூவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஆனால் மூவரும் ஒரே பிரார்த்தனை மண்டபத்துக்குப் போகிறவர்கள். அவளும் அங்கே போகிறவள்தான். அதற்கு முந்தைய வாரம் பிரார்த்தனை முடிந்ததும் அந்த வேட்பாளரை மேடையில் ஏற்றி, பக்கத்தில் நின்று ஒருவர் மைக்கில் சொன்ன வாக்கியம் அது. சொன்னவர் மண்டபக் குழுவின் தலைவர். அவளுடைய மாமனார்.

அன்று பிடித்த கேள்வி அவளை விடவே இல்லை. மேடையில் சொன்ன ஒரு வாக்கியம் வாக்குச்சாவடி வரைக்கும் எப்படி நடந்து போகிறது? வழியில் யார் யார் அதைத் தோள் மாற்றிச் சுமக்கிறார்கள்? அஞ்சல் வழியில் அரசியல் படித்து முதுகலை முடித்து வைத்திருந்தாள். மகள் வேலைக்குப் போய்த் தன் காலில் நின்ற பிறகு, மதமும் அரசியலும் சந்திக்கும் இடம்தான் தன் பாடம் என்று முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கைகளில் எப்போதும் லேசாகக் கிரீஸ் மணக்கும். "தாராளமா படி. ஆனா என்னைப் பேட்டி எடுக்காத. எனக்குத் தெரிஞ்சது மேல போறது, கீழ வர்றது, அவ்வளவுதான்" என்றார்.

மதம், அரசியல் இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கென்றே நிதியும் விருதும் தரும் அறக்கட்டளை ஒன்று இருந்தது. அவள் விண்ணப்பித்தாள். முதல் தடவை, பொருள் நன்றாக இருக்கிறது, ஆய்வு முறை தெளிவாக இல்லை என்று பதில் வந்தது. அடுத்த தடவை பதிலே வரவில்லை. மூன்றாவது தடவை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள்.

நீள மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: "நீங்க அந்த மண்டபத்துக்குப் போறவங்க. உங்க மாமனார் அதுக்குத் தலைவர். நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. அப்புறம் எப்படி நடுநிலையா எழுதுவீங்க?"

கிளினிக்கில் கோபக்கார நோயாளிகளோடு பழகிய பழக்கம் கைகொடுத்தது.

"சார், அங்க போகாதவங்ககிட்ட அவங்க மனசு விட்டுப் பேச மாட்டாங்க. போறவ எழுதினா நீங்க நம்ப மாட்டீங்க. ரெண்டுல ஒரு கஷ்டத்தை நான் பட்டுத்தான் ஆகணும். உங்களை நம்ப வைக்கிற கஷ்டம் பரவாயில்லன்னு தோணுச்சு."

மேசைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. நிதி கிடைத்தது.

கிளினிக்கில் நீண்ட விடுப்பு சொன்னாள். சட்டையில் மாட்டுகிற சின்ன மைக்கோடு ஓர் ஒலிப்பதிவுக் கருவி வாங்கினாள். மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை. எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லாரியின் சத்தத்தை வைத்தே சுமையைச் சொல்வேன் என்று பீற்றிக்கொள்வார், பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும். பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் மருமக நம்ம மண்டபத்தைப் பத்திப் புத்தகம் எழுதுறா, வெளியிலேர்ந்து நிதி குடுத்திருக்காங்க" என்றார். மண்டபத்தின் பெருமையை எழுதப் போகிறாள் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். அப்படியில்லை என்று அவள் சொல்லத்தான் சொன்னாள். அது அவர் காதில் ஏறவில்லை.

குழுவில் ஒவ்வொருவரையும் பேட்டி எடுத்தாள். ஒவ்வொரு முறையும் தொடங்குமுன், இது ஆய்வுக்காக, பதிவாகிறது, விருப்பமில்லாவிட்டால் சொல்லலாம் என்று விளக்கினாள். கடைசியாக மாமனாரின் முறை வந்தது. வீட்டுக் கூடத்தில், சலவைச் சட்டை போட்டு, தலைசீவி வந்து உட்கார்ந்தார். மண்டபம் கட்டிய கதையை மணக்க மணக்கச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பிறகு கேட்டாள்:

"மாமா, போன தேர்தல்ல அந்த வேட்பாளரை மேடை ஏத்தினது யாரு முடிவு?"

"குழு முடிவுதான்."

"குழுவுல பேசினீங்களா?"

அவர் மைக்கைத் தொட்டுப் பார்த்தார். "பின்பக்கச் சுவர் இடிஞ்சு கிடந்துச்சு. கட்டித் தர்றேன்னு அவர் வாக்குக் குடுத்தார்."

"அது சரி மாமா. குழுவுல பேசினீங்களா?"

"இல்ல. நானா எடுத்த முடிவு."

சொன்ன வேகத்தில் அவருக்கு முகம் சிவந்தது. மைக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினார். சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால் மகனைப் பார்த்து, "உப்பு அந்தப் பக்கம் இருக்குன்னு நினைக்கிறேன்" என்பார். அவள் நகர்த்தி வைப்பாள். அவர் எடுத்துக்கொள்வார். கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் சமையலறையில் அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு எனக்கு. உள்ள இருக்கிறவன் பெல் அடிச்சாலும் யாரும் வர மாட்டேங்கறாங்க."

அவள் சிரிக்கவில்லை. கேள்வியைக் கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்டிருக்கலாமோ என்று யோசித்தாள். அப்படிக் கேட்டிருந்தால் பதில் வந்திருக்காது என்றும் தெரிந்தது.

இந்த நிலையில் அறக்கட்டளையிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். அவள்மீது மொட்டைப் புகார் ஒன்று வந்திருக்கிறதாம். எதிர்க்கட்சிக்காக வேவு பார்க்கிறாள், ஆய்வு என்று சொல்லாமல் ஆட்களிடம் வாயைப் பிடுங்கியிருக்கிறாள் என்று. விசாரித்து முடிக்கும் வரை வேலையை நிறுத்தி வைக்க வேண்டும். விசாரிக்க ஒரு பேராசிரியர் வருவார், குழுவினரை நேரில் பார்ப்பார்.

கணவர் வேலையிலிருந்து வந்ததும் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றாமலே எதிரில் உட்கார்ந்தார்.

"அப்பாவா இருக்காது" என்றார்.

"நான் அவர் பேரைச் சொல்லவே இல்லையே."

"உன் முகம் சொல்லுது."

"உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?"

அவர் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நிச்சயமான்னா... அவர் கோபப்படுவார். முதுகுல குத்த மாட்டார்" என்றார். ஆனால் குரலில் அவ்வளவு பலமில்லை. அவளுக்கும் அதே பயம்தான். நிதி போனால் கிளினிக்குக்குத் திரும்பிவிடலாம். ஆனால் வீட்டுக்குள் இருப்பவரே காட்டிக்கொடுத்தார் என்று ஆகிவிட்டால், அதற்குப் பிறகு அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

விசாரணை, மண்டபத்துக்கு மேலே உள்ள குழு அறையில் நடந்தது. மடக்கு நாற்காலிகள், ஓரத்தில் கழற்றி வைத்த ஒலிபெருக்கிகள், ஓடும்போது டக் டக் என்று தலையாட்டும் மின்விசிறி. வந்த பேராசிரியர் முழங்கால் வலியோடு படியேறிய ஒரு வயதான அம்மா. மூச்சு வாங்கிக்கொண்டே, வெளியே நிற்கப் போன அவளைக் கையசைத்து உள்ளே கூப்பிட்டார்.

"நீங்களும் இருங்கம்மா. உங்களை வச்சுக்கிட்டே கேக்கறதுதான் நியாயம்."

முதலில் மண்டபக் குழுவின் செயலாளர் பேசினார். மரக்கடைக்காரர், எப்போதும் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பவர். "எங்க வீட்டு மருமக மாதிரிதான் நினைச்சுப் பேசினோம் மேடம். இதெல்லாம் எழுத்துல வரும்னு யார் கண்டா?" என்றார். பொருளாளரும் தலையசைத்தார். இன்னும் இருவர் தரையைப் பார்த்தார்கள். ஒலிப்பதிவு இருக்கிறது, போட்டுக் காட்டலாம் என்று கையைப் பைக்குள் விட்டாள்.

அதற்குள் மாமனார் தொண்டையைச் செருமினார்.

"சொன்னா" என்றார்.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"ஆய்வுக்குன்னு சொன்னா. பதிவாகுதுன்னு சொன்னா. செயலாளர்கிட்ட அவ சொல்லும்போது நான் பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தேன். அவர்தான், 'அதுக்கென்னம்மா, நல்லா சத்தமா பேசறேன்'னு சொன்னார். என்கிட்டயும் சொன்னா. கேட்டுட்டுத்தான் நான் வாயைத் திறந்தேன்."

செயலாளர் ஒரு பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையில் வைத்தார். "ஆமா, சொன்ன ஞாபகம் வருது" என்றார்.

பேராசிரியர் மாமனாரிடம் சொன்னார்: "நீங்க சொன்னதை எடுத்துடணும்னா எடுத்துடலாம். அந்த உரிமை உங்களுக்கு இருக்கு."

"எதுக்கு? சொன்னது உண்மைதானே."

"மருமக மேல கோபம் இல்லையா?"

"இருக்கு. நிறையவே இருக்கு. அது எங்க வீட்டு விவகாரம். அதுக்கும் உங்க நிதிக்கும் சம்பந்தம் இல்ல."

பேராசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ குறித்துக்கொண்டார். எதிர்க்கட்சி பற்றி யாருக்கும் எந்த ஆதாரமும் தெரிந்திருக்கவில்லை. பெயரில்லாத புகார் என்பதால், அனுப்பியது யாரென்று அவருக்கும் தெரியவில்லை. அவளும் துருவவில்லை. அது மாமனார் இல்லை என்று தெரிந்துவிட்டது, அதற்கு மேல் அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கீழே இறங்கினாள்.

மாமனாரும் அவளும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தார்கள். வெயில் சாய்ந்திருந்தது. மருந்துக்கடை, சைக்கிள் கடை எல்லாம் தாண்டினார்கள். திருப்பத்தில் அவர் நின்றார்.

"சுவர் விஷயத்தை எழுதுவியா?"

"எழுதத்தான் மாமா வேணும்."

"அப்போ முழுசா எழுது. அந்த ஆள் ஜெயிச்சு இவ்வளவு நாளாச்சு. ஒரு செங்கல் வரல. இந்த லட்சணத்துல, மறக்க மாட்டாருன்னு நான் மைக்ல கத்தியிருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் முறைத்தார். பிறகு அவரும் தோள் குலுங்கச் சிரித்தார். வீட்டு வாசலில் நின்ற கணவர், இருவரும் சிரித்துக்கொண்டே வருவதைப் பார்த்துவிட்டு, "அப்பாடா" என்று கதவில் சாய்ந்துகொண்டார்.

வேலையைத் தொடரலாம் என்று அறக்கட்டளையிலிருந்து தகவல் வந்த மதியம், அவள் படுத்தவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. அப்படித் தூங்கி எத்தனையோ காலமாகியிருந்தது. செயலாளர் சில நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பிறகு தானாகவே வந்து, தான் சொன்னதில் ஒரு தேதி தப்பு என்று திருத்திவிட்டுப் போனார். பட்டம் வாங்கி, ஆய்வு புத்தகமாக வந்தபோது, அதே அறக்கட்டளை அதற்கு முதல் நூல் விருது கொடுத்தது. விருதைக் கையில் கொடுத்தவர் அந்த முழங்கால் வலிப் பேராசிரியர். "இப்பவாவது உங்க மண்டபத்துக்கு ஒரு லிஃப்ட் வச்சாங்களா?" என்று காதோடு கேட்டார்.

மாமனார் புத்தகத்தைத் தினமும் காலையில் சில பக்கங்கள் படிக்கிறார். தன்னைப் பற்றிய அத்தியாயத்துக்கு வந்ததும் பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டார். "இது நான் சொன்ன அர்த்தம் இல்ல" என்பார். "அப்போ என்ன அர்த்தத்துல சொன்னீங்க மாமா?" என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். இருவரும் ஒரு வரிக்காக அரை மணி நேரம் வாதாடுவார்கள். கணவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டே, கருவிப் பையைத் தோளில் மாட்டி நிம்மதியாக வேலைக்குக் கிளம்புவார்.