மலைமேல் மைக்கில் கேட்ட பதினோரு பெயர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பேருந்தை விட்டு இறங்கிப் பத்தடி நடந்த பிறகுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். நான் வந்த மதுரை வண்டி, நிலையத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. கத்திக்கொண்டே ஓடினேன். அது நிற்கவில்லை.

அதில் நான் விட்டுவிட்ட பையில் பணமில்லை, நகையில்லை. பதினோரு பிள்ளைகளின் அசல் சான்றிதழ்கள் இருந்தன. மதிப்பெண் பட்டியல், டிசி, சாதிச் சான்றிதழ் எல்லாம் ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் உறையில்.

பெருமாளின் அடியார்களே, இது நடந்து ஏழு வருடமாகிறது. இத்தனை நாள் இதை வெளியில் சொல்லக் கூச்சம். ஏனென்றால் இதில் என் தவறும் இருக்கிறது. ஆனாலும் பெருமாள் செய்ததைச் சொல்லாமல் மூடி வைப்பது அதைவிடப் பெரிய தவறு என்று இப்போது தோன்றுகிறது.

அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு சிறிய பயிற்சி மையத்தின் ஒருங்கிணைப்பாளர். படிப்பை முடித்தும் வேலைக்குப் போக வழி தெரியாத ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து, கம்ப்யூட்டரும் ஆங்கிலமும் நேர்முகத் தேர்வுக்குப் பேசும் விதமும் சொல்லிக்கொடுப்போம். ஒரு தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே மிஷின் ஓடினால் மேலே தரை அதிரும். அந்த அதிர்வுக்கு நடுவே கண்ணாடி முன் நின்று ஒவ்வொருவரும், "மை செல்ஃப்..." என்று ஆரம்பிப்பார்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள். இன்றைக்கும் எங்காவது தையல் மிஷின் சத்தம் கேட்டால் எனக்கு அந்தப் பிள்ளைகளின் குரல்தான் காதில் விழும். அதுதான் என் முதல் குழு. அவ்வளவு சந்தோஷமான அறையை அதன்பிறகு நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை கிருஷ்ணன்கோவிலில் ஒரு நிறுவனத்தின் ஆள்சேர்ப்பு. அசல் சான்றிதழ் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்புவதற்காக, வியாழக்கிழமை மதியம் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். இறங்குகிற நேரத்தில் போன் வந்தது. பேசிக்கொண்டே இறங்கிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

பேருந்து நிலைய அலுவலகத்தில் கேட்டேன். அவர்கள் மதுரைக்குப் போன் போட்டார்கள். வண்டியில் பை எதுவும் இல்லை என்று பதில் வந்தது. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். நகல் வாங்க மாதக்கணக்கில் ஆகும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். ஊரை விட்டே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அந்த டிசிக்காக எத்தனை தாய்மார்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் காத்துக் கிடந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை வகுப்பில் எதுவும் நடக்காதது போலப் பாடம் நடத்தினேன். பதினொரு மணிக்கு மேல் முடியவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கீழே மிஷின் மட்டும் ஓடியது. சோழபுரத்திலிருந்து வரும் முத்துலட்சுமிதான் முதலில் வாய் திறந்தாள்.

"அந்த டிசிக்கு எங்கம்மா எம்புட்டு நடந்தா தெரியுமா டீச்சர்?" என்றாள். பக்கத்திலிருந்தவள், "ஏட்டி, சும்மா இரு. டீச்சரே அழுதாக பாரு" என்று அவள் கையைப் பிடித்தாள்.

முத்துலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குப் புரட்டாசி மூணாஞ் சனிக்கிழமை. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போவோம் டீச்சர். மனுசங்ககிட்டக் கேட்டுப் பார்த்தாச்சுல்ல. இனி அவருகிட்டக் கேப்போம்."

ரஹ்மத்துல்லா எழுந்தான். "நான் இப்ப ஜும்மாவுக்குப் போறேன் டீச்சர். அங்க நான் துஆ கேக்கேன். நீங்க மலையில கேளுங்க."

உண்மையைச் சொல்கிறேன். அதுவரை நான் கோயிலுக்குப் போவேன், கும்பிடுவேன், வந்துவிடுவேன். நம்பிக்கை என்று எதுவும் இருந்ததாகச் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளைகள் கூப்பிட்டதால் போனேன்.

சனிக்கிழமை விடிவதற்குள் அடிவாரத்தில் அவ்வளவு கூட்டம். "கோவிந்தா! கோவிந்தா!" என்ற குரலில் மலையே அசைவது போலிருந்தது. துளசி மாலை வாங்கிக்கொண்டு நான், முத்துலட்சுமி, இன்னும் நாலு பிள்ளைகள் வரிசையில் நின்று படியேறினோம். நின்று நின்று ஏறுவதற்கே மூன்று மணி நேரம் ஆனது.

சன்னிதி கண்ணில் பட்டதும் கை கூப்பினேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. 'எனக்காகக் கேட்கவில்லை பெருமாளே, இந்தப் பிள்ளைகளுக்காக' என்று தொடங்கி, ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டே வந்தேன். முத்துலட்சுமி, ரஹ்மத்துல்லா, மாரிக்கனி... பத்துப் பேர் வந்துவிட்டது. பதினோராவது பேர் வரவில்லை.

யோசித்துப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் சுவரோரமாக உட்காருவாள். நீலத் தாவணி. முகம் தெரிகிறது, பேர் தெரியவில்லை. நாலு மாதமாக என்னிடம் படிக்கிறாள். அவள் வாழ்க்கையையே தொலைத்துவிட்டு நிற்கிறேன், அவள் பேர்கூட எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில்தான் நான் உடைந்தேன். காணாமல் போன பையை நினைத்து வந்த அழுகையில்லை அது. 'எனக்கு மறந்துவிட்டது. உனக்குத் தெரியும்தானே? அவளையும் சேர்த்துக்கொள்' என்று வாய்விட்டே சொன்னேன்.

தீர்த்தம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். அங்கே மைக்கில் காணாமல் போன குழந்தைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கவனிக்கவில்லை. திடீரென்று அந்தக் குரல் சொன்னது:

"சர்டிபிகேட் பை ஒண்ணு கிடைச்சிருக்கு. பேர் வாசிக்கேன், சம்பந்தப்பட்டவங்க வந்து வாங்கிக்கங்க. செல்வராணி..."

செல்வராணி. கடைசி பெஞ்சுப் பிள்ளை. நான் மறந்த பேர்தான் முதலில் வந்தது.

அடுத்தடுத்துப் பேர்கள் வந்தன. நாலாவதாகத் தன் பேரைக் கேட்டதும் முத்துலட்சுமி, "டீச்சர்! எம்பேரு டீச்சர்!" என்று கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள். நான் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே நடந்தேன். பதினொன்றும் வந்தது. கடைசிப் பேர் ரஹ்மத்துல்லா.

மைக் இருந்த பந்தலில் ஒரு அம்மா என் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். பேர் பேச்சியம்மாள், கிருஷ்ணன்கோவில் பக்கம் வயற்காட்டு வேலை செய்பவர் என்று பிறகு தெரிந்தது. பேருந்தில் எனக்குப் பின் இருக்கையில் இருந்திருக்கிறார்.

"நீ எறங்குன பொறவுதான் பையைப் பார்த்தேன் தாயி. கூப்புட்டேன், நீ போன் பேசிக்கிட்டே போயிட்ட. மதுரை வரைக்கும் போனா யாரு கையில சிக்குமோன்னு நானே எடுத்துக்கிட்டு எறங்கிட்டேன். தெறந்து பார்த்தா பூராப் பிள்ளைக போட்டோ. எனக்கு எழுத்துத் தெரியாது."

"ஊரில் யாரிடமாவது காட்டியிருக்கலாமே அம்மா?"

"காட்டுனா ஆளுக்கொண்ணா எடுத்துப் பார்ப்பாக. ஒரு தாளு கொறைஞ்சாலும் ஒரு பிள்ளைக்குப் போச்சில்ல? ஸ்டேஷனுக்குப் போகவும் பயம். அதான் பெருமாள் படத்துக்கு அடியில வச்சிருந்து இங்க கொண்டாந்தேன். மூணாஞ் சனிக்கு மலைக்கு வராத சனம் உண்டா?"

நான் அவர் காலைத் தொடக் குனிந்தேன். "சீ, எந்திரி! சன்னிதியில மனுசி காலைத் தொடுவாகளா?" என்று தூக்கிவிட்டார். பிறகு மெதுவாக, "எம்மகளும் பத்தாவது வரைக்கும் படிச்சா. டிசிகூட வாங்காம திருப்பூர் வேலைக்குப் போயிட்டா. இந்த மாதிரிப் பிள்ளைகளோட அவளையும் சேர்ப்பியா தாயி?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை பதினோரு பேரும் தேர்வுக்குப் போனார்கள். ஆறு பேருக்கு வேலை கிடைத்தது. முத்துலட்சுமிக்குக் கிடைக்கவில்லை. நான் தலை குனிந்து நின்றபோது அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். "பேப்பரு கையில இருக்குல்ல டீச்சர், அடுத்த கம்பெனியில காட்டுவோம்." மூன்றாவது கம்பெனியில் அவளுக்குக் கிடைத்தது. பேச்சியம்மாளின் மகள் திருப்பூரிலிருந்து திரும்பி வந்து, விட்ட படிப்பை முடித்து, எங்களிடம் பயிற்சி எடுத்து, இன்று ஒரு மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள்.

இப்போது எங்கள் மையம் வேறு இடத்தில். பெரிய அறை, நல்ல வெளிச்சம். ஆனால் அந்த அதிரும் தரையும், சிரிப்பும், ஒரே தூக்குச் சட்டியில் ஆறு பேர் கை விட்டுச் சாப்பிட்ட மதியங்களும் மனதை விட்டுப் போகவில்லை. அசல் சான்றிதழை இப்போது நான் வாங்கி வைப்பதில்லை. புதுக் குழு வந்தால் முதல் வாரமே எல்லோர் பேரையும் மனதில் ஏற்றிக்கொள்கிறேன். விளக்கேற்றும்போது ஒவ்வொரு பேராகச் சொல்கிறேன்.

கை விட்டுப் போனது இனி வராது என்று இதைப் படிக்கிற யாராவது உட்கார்ந்திருந்தால், உங்களிடம் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். நன்றாகக் கேட்கத் தெரிய வேண்டும் என்பதில்லை. எனக்கும் தெரியவில்லை, பாதியில் பேரே மறந்துபோனது. அப்படியே பெருமாள் முன் போய் நில்லுங்கள். நாம் மறந்ததும் அவருக்கு நினைவிருக்கிறது.