ஒரு பக்கத்து லைனிங்

பிரேக் லைனிங் கருகும் வாடை எப்படி இருக்கும் என்று கேட்டால், பழைய சாக்கையும் தலைமுடியையும் சேர்த்துப் பொசுக்கியதுபோல் இருக்கும் என்பேன். ஊரார் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்த வாடைதான், எனக்கு ஒன்பது வயது முடியும்வரை, அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்பதற்கு அடையாளமாக இருந்தது. சின்னக்கானலை ஒட்டிய ஒரு தேயிலை எஸ்டேட்டில் அவர் பிக்கப் ஓட்டினார். முன்பாதி ஜீப்பாகவும் பின்பாதி திறந்த பெட்டியாகவும் இருந்த அந்த வண்டி விறகையும் உரமூட்டையையும் அரிசியையும் சுமந்ததோடு, காய்ச்சல்காரர்களையும் "புள்ளத்தாச்சி"களையும் ஏற்றிக்கொண்டு நாளுக்கு இரண்டு தடவையாவது எஸ்டேட் ரோட்டின் இறக்கத்தில் இறங்கி ஏறும். "இன்னைக்கும் சட்டையில பிரேக்குதான் மணக்கு" என்று சொல்லிக்கொண்டே அம்மா அவருடைய காக்கிச் சட்டையை வாளியில் போடுவாள்.

அந்தக் காலத்துப் பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சக்கரத்துக்குள்ளே இரும்புச் சட்டிபோல ஒரு "டிரம்" இருக்கும். அதற்குள் பிறைநிலா வடிவத்தில் இரண்டு "ஷூ". ஷூவின் மேல் ரிவிட் அடித்து ஒட்டியிருக்கும் பட்டைதான் லைனிங். பிரேக்கை மிதித்தால் பட்டை போய் டிரம்மை உரசும், வண்டி நிற்கும். பட்டை தேய்ந்து ரிவிட் தலை வெளியே வந்துவிட்டால் இரும்பை இரும்பு உரசி டிரம்மில் வரி விழும், அப்புறம் வண்டி நிற்பது அதன் இஷ்டம். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்றியே தீர வேண்டும் என்பதை எங்கள் லயத்தில், எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட அப்பா சொல்லியிருப்பார். இல்லாவிட்டால் புதியது பிடிக்கும், பழையது வழுக்கும், வண்டி புதிய பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

ஆனால் எஸ்டேட் ஸ்டோருக்கு வேறொரு சட்டம் இருந்தது. மண்வெட்டியானாலும் சரி, மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடியானாலும் சரி, பழசைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் புதுசு கிடைக்கும். காட்டுகிற பழசும் முழுசாகத் தேய்ந்திருக்க வேண்டும். உடைந்த கைப்பிடியோடு வந்து அரை நாள் நிற்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், விடாமல் மழை பிடித்த ஓர் ஆடி மாதத்தில், பிக்கப்பின் முன்சக்கரத்தில் இடப்பக்கத்து லைனிங் ரிவிட் வரைக்கும் தேய்ந்துபோயிற்று. வலப்பக்கத்தில் இன்னும் ஒரு நகக்கண் கனம் மிச்சம் இருந்தது. அப்பா இரண்டு பக்கத்து ஷூக்களையும் கழற்றிக் கோணியில் கட்டி எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். மழைக்கு ஸ்டோர் ஓரமாக ஒதுங்கி நின்றிருந்த நான் எல்லாவற்றையும் பார்த்தேன். ஸ்டோர்கீப்பர் மலையாளி, கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் புத்தகத்தில் எழுத முடியாத எதையும் அவரால் நம்ப முடியாது.

"இது தேஞ்சது, இதுக்குப் புதுசு தராம். இது தேயலையே! இன்னும் ஒரு மாசம் ஓடும். தேஞ்ச பிறகு கொண்டு வா."

"சார், ஒரு பக்கம் மட்டும் போட்டா வண்டி இடப்பக்கமா இழுக்கும். இறக்கத்துல இடப்பக்கம் பூரா பள்ளம் சார்."

"மெதுவா ஓட்டு" என்றார் அவர்.

புது லைனிங் வாங்கப் போனால் தட்டிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், கம்பி கலந்ததா என்று புரட்டிப் பார்ப்பார், அதுதான் அப்பாவின் வழக்கம். அன்றைக்கு அவருக்குப் பார்க்கவும் ஒன்றுமில்லை, தேர்ந்தெடுக்கவும் ஒன்றுமில்லை. எதையும் வாங்காமல் கோணியோடு திரும்பிவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வலப்பக்கத்து ஷூவை எடுத்துக்கொண்டு வந்து அம்மியின் பக்கம் உட்கார்ந்தார். அம்மா உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள். "அம்மில வச்சா தேய்க்கப் போறிய? அப்புறம் அந்தத் தூளத்தான் கொழம்புல திங்கணும்!" அப்பா எழுந்து துவைக்கிற கல்லுக்குப் போனார். குடையை இடுக்கிக்கொண்டு, நல்ல லைனிங்கை, இன்னும் ஒரு மாதம் உழைக்க வேண்டியதை, ரிவிட் தலை தெரியும் மட்டும் தேய்த்துத் தள்ளினார். கல்லிலிருந்து செம்பழுப்பாய் வழிந்த தண்ணீரை நான் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யார்ட்டயும் மூச்சு விடப்படாது, என்னட்டி?" என்றார். தலையை ஆட்டினேன். அவ்வளவு பலமாக ஆட்டியிருக்க வேண்டியதில்லை.

ஸ்டோர்கீப்பரின் மகள் லதா பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருபவள். திங்கட்கிழமை காலையில் அவள் தன் அப்பாவின் கையெழுத்து இல்லாமல் இந்த எஸ்டேட்டில் ஓர் ஆணிகூட நகராது என்று பீற்றிக்கொண்டாள். எனக்கு வந்ததே கோபம். "ஒங்கப்பாவுக்குத் தேஞ்சதுக்கும் தேய்ச்சதுக்கும் வித்தியாசம் தெரியுமா? எங்கப்பா கல்லுல தேய்ச்சுக் கொண்டுபோயி வாங்கப் போறாரு" என்று சொல்லிவிட்டேன். அப்பாவின் கெட்டிக்காரத்தனத்தைச் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு லதா வீட்டுக்குப் போனாள், அப்பா சாயங்காலம்தான் ஸ்டோருக்குப் போனார்.

எஸ்டேட் சாமானை வேண்டுமென்றே பாழாக்கியதாக மெமோ வந்தது. அப்பாவை வண்டியிலிருந்து இறக்கிக் களை வெட்ட அனுப்பினார்கள். பக்கத்து லயத்துச் செல்லத்துரையிடம் சாவி போயிற்று; கல்யாணமாகாத பையன், என்னைப் பார்த்தால் "பாப்பா" என்று சிரிப்பான். இடப்பக்கத்துக்குப் புது லைனிங் கொடுத்தார்கள். வலப்பக்கத்துக்கு, விசாரணை முடியாமல் புதுசு கேட்டு இண்டென்ட் எழுத முடியாது என்று, அப்பா தேய்த்துக் கெடுத்ததையே திரும்ப மாட்டச் சொன்னார்கள். விறகு இல்லாமல் ஃபாக்டரி நிற்குமாம்.

அப்பா அன்று சாயங்காலமே செல்லத்துரையின் வீட்டு வாசலுக்குப் போனார், நானும் பின்னால் போனேன்.

"ஏலே, அந்த வண்டிய எடுக்காத. வலப்பக்கத்துல ஒண்ணுமே கெடையாது, நாந்தான் தேய்ச்சேன். எனக்குத் தெரியும்லா?"

"எடுக்காட்டா என்னையும் ஒங்க பக்கத்துல களை வெட்டத்தான் விடுவாங்க அண்ணாச்சி. நான் என்ன செய்யட்டும்?"

"ரெண்டாவது கியர்லயே இறங்கு. பிரேக்க நம்பாத" என்று மட்டும் அப்பா சொன்னார்.

நான் என்னாலானதைச் செய்தேன். அது பொய், நான் சும்மா சொன்னேன் என்று உங்கப்பாவிடம் சொல்லு என்று லதாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பாவம், அவளும் போய்ச் சொன்னாள். மறுநாள் வந்து, "எல்லாம் எழுதிட்டாராம்" என்றாள். எழுதியாகிவிட்டால் அப்புறம் யார் அழுதாலும் ஒன்றும் நடக்காது என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரிந்துபோயிற்று. அப்பா களை வெட்டிய சரிவு ரோட்டுக்கு மேலே இருந்தது. வண்டிச் சத்தம் கேட்டால் மண்வெட்டியை நிறுத்திவிட்டு, கியர் மாறுகிறதா என்று காது கொடுத்து நிற்பார் என்று கூட வேலை செய்த பெண்கள் அம்மாவிடம் சொன்னார்கள். அதைத் தவிர அவரால் வேறென்ன செய்ய முடியும்?

ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லை. எட்டாவது நாள் காலையில், விறகு லோடோடு இறங்கும்போது, எதிரே மாடு வந்ததென்று செல்லத்துரை பிரேக்கை மிதித்திருக்கிறான். வண்டி இடப்பக்கமாகத் திரும்பியது. அப்பாதான் முதலில் பள்ளத்துக்குள் ஓடி இறங்கினார். செல்லத்துரை பிழைத்தான், வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

அந்த வாரமே வண்டிக்கு நான்கு சக்கரத்துக்கும் லைனிங்கும் டிரம்மும் புதிதாக வந்தன. பழசைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அப்பாவை மறுபடி ஓட்டக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை, ஓய்வு பெறும் மட்டும் களைதான் வெட்டினார். செல்லத்துரையை ஸ்டோர் வாசலில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். "பாப்பா, இங்க வா" என்று கூப்பிட்டுக் கடலை மிட்டாய் கொடுப்பான். நான் வாங்கிக்கொள்வேன், ஆனால் தின்ன முடியாது.

யார் சொன்னது என்று அப்பா கடைசிவரை கேட்கவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் வீட்டில் மூன்றே பேர். அவர் சொல்லவில்லை, அம்மா சொல்லவில்லை. அந்தக் கணக்குப் போடத் தெரியாதவரல்லர் அவர்.

கல்யாணமாகிப் பெருமாட்டி என்ற இந்த ஊருக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. இங்கே மேடும் கிடையாது, இறக்கமும் கிடையாது, தென்னந்தோப்புகள்தாம். எங்களிடமும் தேங்காய் ஏற்ற ஒரு பிக்கப் இருக்கிறது. போன மாதம் அதன் பிரேக் கிறீச்சிட்டதால் நானும் கூடவே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, வட்டமான டிஸ்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "வரி வுழுந்திருச்சுங்க்கா. டிஸ்கும் பேடும் ரெண்டு பக்கமும் மாத்தோணுங்க" என்றான்.

"ஒரு பக்கம் மட்டும் போட்டா ஆகாதா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அதெப்படிங்க்கா? பொட்டியே ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தானுங்க வருது" என்று பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே, அந்தக் காலத்து லைனிங்குக்குப் பதிலாக வந்திருக்கும் பேடுகள் நான்கு இருந்தன. எந்த வாடையும் இல்லை.

கழற்றிய பழைய பேடுகளைத் தகர டப்பாவில் போடப் போனவனிடம் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். நான்கும் ஒன்றுபோலத் தேய்ந்திருந்தன. வேலை முடியும்வரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழசைக் காட்டு என்று அங்கே யாரும் கேட்கவில்லை.