அரிய பாசி, தொடாதீர்கள்

பிரஷ் பிடித்த கையின் மணிக்கட்டு ஒரு குச்சியின் மேல் சாய்ந்திருந்தது. 'அரிய பாசி' என்பதற்குக் கீழே ஒற்றைக்கொம்பு வளைந்து, 'தொ' முடிந்தது. மிச்ச எழுத்தையும் எழுதிப் பாசியின் படத்துக்கு வார்னிஷ் அடித்துவிட்டால், பலகை காட்டருவிக்குப் போய்விடும்.

ஒரு காலத்தில் அருவிப் பாறை முழுக்கவே படர்ந்திருந்த பாசி அது. சாலையை அகலமாக்க நிழல் மரங்களை வெட்டினார்கள். வெயிலில் கருகி, மிஞ்சிய ஒரே மரத்தடியில் முறத்தளவுக்கு ஒண்டிக்கொண்டது. வேறெங்கும் அது கிடையாது.

பெயின்டரின் அக்காவுக்கு வனத்துறை அலுவலகத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை. மழை பொய்த்தால் குடத்தில் அருவித் தண்ணீரைச் சுமந்துபோய் அதற்குத் தெளிப்பாள். "பாசியக்கா, பிள்ளைக்குப் பால் கொடுத்தாச்சா?" என்று கிளார்க் சீண்டுவார். அவளோ அதைப் பாசி என்று ஒருநாளும் சொன்னதில்லை. கைக்குழந்தையைச் சொல்வதுபோல 'அது' என்றுதான் சொல்வாள். நடையாய் நடந்து பலகைக்கு ஒப்புதல் வாங்கியவளும் அவள்தான். நாளைக்குப் பெரிய அதிகாரி வந்து திறந்துவைக்கிறார்.

'தீ'யை எழுதிக்கொண்டிருந்தபோது அக்கா கடை வாசலில் வந்து நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

"வழிச்சிட்டாங்கடா."

"எதைக்கா?"

"அதைத்தான். அதிகாரி வழுக்கி விழக்கூடாதுன்னு அருவிப் படியைக் கழுவ ஆள் வந்தாங்க. 'பாசியை ஒட்டச் சுரண்டிடுங்க, அதை மட்டும் தொடாதீங்க'ன்னு நான்தான்டா சொன்னேன். தலையை ஆட்டினாங்க. கம்பி பிரஷ், பிளீச்சிங் பவுடர்... பாறை சுண்ணாம்பு அடிச்சாப்ல இருக்கு."

"எதைன்னு அவங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ரேஞ்சருக்குப் போன் போட்டான். "தெரியும்ப்பா," என்றார் அவர். "அதுக்காக விழாவை நிறுத்த முடியுமா? படம் நல்லா வந்திருக்கில்ல? வர்றவங்க அதைப் பார்த்துக்கட்டும்."

போனை வைத்துவிட்டுத் தின்னர் டப்பாவை எடுத்தான். "அழிச்சிடவாக்கா?"

"வேண்டாம். மீதியையும் எழுது. வெறும் பாறைக்கு முன்னாடி நின்னு அந்த அதிகாரி அதை வாய்விட்டுப் படிக்கட்டும்."

எழுதினான். 'ள்'ளுக்கு வைத்த புள்ளி வழிந்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தான்.

காலையில் ஜீப் வந்தது.

"விளிம்பைப் பிடிங்கண்ணே, ஈரம் இன்னும் காயலை."

"பாசின்னா ஈரம் இருக்கத்தானே செய்யும்!" என்று சிரித்தார் டிரைவர்.

பெயின்டர் பலகையை அவர் கையில் கொடுத்தான்.